இரண்டாவது வரிசை, ஓர நாற்காலி

“வெர்னா, ஏழே முக்காலுக்கு ஆர்லன் பேரைச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசப்போறேன். அழுது வைக்காதே, கேமரா உன் மேலதான் இருக்கும்” என்றான் ரஸ், டையை இறுக்கிக்கொண்டே.

“நான் அழறது கிடக்கட்டும். அதுக்குள்ள அவன் அம்மா போன் பண்ணணுமே” என்றாள் வெர்னா.

அமெரிக்காவில் டுலூத் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் அது. விளம்பரம் கிடையாது, பார்க்கிறவர்கள் நன்கொடை சொன்னால்தான் வண்டி ஓடும். கே, லெஸ்பியன் கலைஞர்களுக்கென்று மாதம் ஒரு நிகழ்ச்சி. அதற்காக வருஷத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நேரலையில் உதவி கேட்பார்கள். முன்னால் ரஸ் நின்று பேசுவான். பின்னால் இரண்டு வரிசையில் தொண்டர்கள் டெலிபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னாவுக்கு இது ஏழாவது வருஷம். இரண்டாவது வரிசையில் அவளுக்குப் பக்கத்து ஓர நாற்காலி ஆர்லனுடையது. இன்று அதில் அவனுடைய சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் கிடந்தது. எய்ட்ஸ் அவனை எலும்பும் தோலுமாக்கி, மார்ச் மாதம் கொண்டுபோய்விட்டது. கடைசிவரை கூட இருந்தவள் வெர்னாதான்.

கே என்று தெரிந்ததும் ஆர்லனை வீட்டைவிட்டுத் துரத்தியவர் அவன் அப்பா. இனி அவனோடு பேசுவதில்லை என்று மனைவியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனால் பெற்றவள் சும்மா இருப்பாளா? கணவர் கார் கொட்டகைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, வருஷா வருஷம் இந்த நிகழ்ச்சிக்கு போன் செய்வாள் ஸெல்மா. வெர்னாவைத்தான் கேட்பாள்.

“பேசக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினார். டிவில பார்க்கக் கூடாதுன்னு வாங்கலையே” என்பாள்.

முதல் வருஷமே வெர்னா இதை ஆர்லனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து, அம்மா என்றைக்கோ பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். கேமரா திரும்பும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவான்.

அவன் போனதும் வெர்னா அந்த வீட்டுக்குக் கடிதம் போட்டாள். பதில் இல்லை. கிழவர் கிழித்து எறிந்திருப்பார், பாவி மனுஷன். பெற்ற பிள்ளை செத்ததை ஒரு தாய் டிவியில் கேட்டா தெரிந்துகொள்வது? ரஸ் பேசுவதற்கு முன்னால் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று மாலையிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு முப்பத்தைந்துக்கு அவள் முன்னால் இருந்த போன் அடித்தது.

“வெர்னாவா?”

“நான்தாம்மா.”

“என்ன, குரலே சரியில்லை? சளி பிடிச்சிருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் உட்கார்ந்துக்கோங்க.”

“உட்கார்ந்துதான் இருக்கேன். முதல்ல நான் சொல்றதைக் கேளு. போன வருஷம் எம்புள்ள குச்சியா இருந்தான் பாரு, அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு தண்ணி இறங்கலை. இந்த வருஷம் பரவாயில்ல. கொஞ்சம் சதை போட்டிருக்கான். ஸ்வெட்டரும் இப்பத்தான் அளவா இருக்கு.”

வெர்னா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கிடந்தபடி கிடந்தது. அந்தம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தாள்.

“அம்மா... நெஜமாத்தான் சொல்றீங்களா?”

“பின்னே? இப்பக்கூடச் சிரிக்கிறான். நீதான் ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பே, வாயாடி.”

ரஸ் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நாற்பது.

“அம்மா, அந்த நாற்காலியை நல்லாப் பாருங்க...” என்று ஆரம்பித்தாள் வெர்னா.

“நான் எங்கம்மா பார்க்கிறேன்? சர்க்கரை வியாதி, ஜனவரியோட ரெண்டு கண்ணும் போயிடுச்சு. இவர்தான் பார்த்துப் பார்த்துச் சொல்றார். புள்ள பேரை எடுத்தாலே எழுந்து கொட்டகைக்குப் போற மனுஷன், இன்னிக்கு ஆறு மணிக்கே டிவி முன்னால உட்கார்ந்தாச்சு. மனசு மாறிட்டார் வெர்னா. இந்த ஒண்ணு போதும் எனக்கு. இரு, போனைக் கேக்கறார்.”

மறுமுனையில் நீளமான போன் கம்பி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது.

“உங்க லெட்டர் வந்துச்சும்மா” என்றது ஒரு கரகரத்த குரல். “மார்ச்சுலேயே வந்துச்சு. தினமும் எடுத்துப் படிக்கிறேன். அவகிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரலை.”

ஏழு வருஷமாக அந்த மனிதரைத் திட்டுவதற்கென்று வெர்னா சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“சார், இன்னும் ரெண்டு நிமிஷத்துல இங்க அவன் பேரைச் சொல்லப் போறாங்க” என்றாள் மெதுவாக.



“சத்தமாச் சொல்ல வேணாம்னு சொல்லுங்கம்மா, அவளுக்குக் காது நல்லாக் கேக்குது” என்றார் அவர். “திரையில எழுத்தாப் போடச் சொல்லுங்க. நான் மட்டும் படிச்சுக்கிறேன்.”