மியூசியத்தில் ஒரு கற்பூரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால். புதுச்சேரியில் அந்தத் தனியார் மியூசியத்துக்குள் நுழைந்தவர்கள் பதினான்கு பேர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் ஒரே ஒருவர், கருப்பண்ணன்.

"மாமா, இது கோயில் இல்ல. செருப்பைப் போடுங்க" என்றான் மருமகன் பிரபாகர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உள்ள சாமி சிலையெல்லாம் இருக்குதுன்னு போர்டுல போட்டிருக்குதுங்களே மாப்ள?"

ஏரியூரில் சொந்தக்காரர்களோடு வேன் ஏறியதிலிருந்தே மாமனார் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். மணக்குள விநாயகர் கோயில் அர்ச்சகரிடம், "இங்க கெடா வெட்டு உண்டுங்களா?" என்று கேட்டார். சர்ச்சில் மாதா முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, நெற்றியில் பூசத் துன்னூறு எங்கே என்று தேடினார்.

பிரபாகருக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்து ஒன்றரை வருஷம். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை கேஸ், தகராறு என்று எதிலும் பெயர் அடிபட்டுவிடக் கூடாதே என்று பயந்து பயந்து நடக்கிறவன்.

மற்றவர்கள் பழைய சாரட்டு வண்டி பார்க்க மாடிக்குப் போய்விட்டார்கள். கீழே கற்சிலைகள் வரிசையாக நின்றன. கடைசியில் மார்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். கையில் வில்லோடு ஒரு வீரன், காலடியில் ஒரு நாய். பக்கத்தில் அட்டை: 'வீரன். கிடைத்த இடம்: தெரியவில்லை.'

கருப்பண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள, நம்ம வேடியப்பன் சாமிங்க!"

"மெதுவாப் பேசுங்க மாமா."

"நம்ம கொல்லையில நிக்கிறாரே, அதே வில்லு, அதே நாயி, அதே கோணக் கொண்டை. இங்க வந்து ஒண்டியா நிக்கிறாரு பாருங்க. பூ இல்ல, பொட்டு இல்ல. நெத்தி காஞ்சு கெடக்குது."

பிரபாகருக்கு போன் வந்தது. ஒரு நிமிஷம்தான் அந்தப் பக்கம் திரும்பினான்.

மறுபடி பார்த்தபோது வேடியப்பன் காலடியில், தரையில், கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

கூரையில் அலாரம் அலறியது. மாடியில் இருந்தவர்கள் தடதடவென்று இறங்கி வெளியே ஓடினார்கள். காவலாளி ஆரோக்கியராஜ் மட்டும் உள்ளே ஓடி வந்தார். ஷூ காலால் அணைக்கப் போனவர், என்ன தோன்றியதோ, காலை இழுத்துக்கொண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்.

"யாருய்யா கொளுத்துனது?"

"நாந்தானுங்க. கல்லு மேல வைக்கல, தரையிலதான் வச்சேன்."

"நல்லா இருக்கு பெரியவரே! பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் சொல்லுங்க. ரிப்போர்ட் எழுதணும். ஸ்டேஷன் வரைக்கும் போனாலும் போகும்."

ஸ்டேஷன் என்றதும் பிரபாகர் இரண்டடி தள்ளிப் போய் நின்றான். அதே நேரம் ஆரோக்கியராஜ் அவன் பக்கம் திரும்பினார்.

"சார், இவரு உங்ககூட வந்தவரா?"

"இல்லீங்களே. யாருன்னே தெரியாது."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்பதே அவனுக்கு உறைத்தது. கருப்பண்ணன் அவனை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்க, இந்த சாரு பாவம், சும்மா சுத்திப் பாக்க வந்தவரு. நான் ஒண்டியாத்தான் வந்தேன். எழுதிக்குங்க. கருப்பண்ணன், ஏரியூரு, வெவசாயம்."

"எதுக்குக் கற்பூரம் வச்சீங்கன்னு காரணம் எழுதணுமே?"

"எங்க கொல்லையில இவரு ஜோடி நிக்கிறாருங்க. அவருக்கு வாரா வாரம் வைக்கிறேன். இவரை மட்டும் பட்டினி போட முடியுங்களா?"

ஆரோக்கியராஜ் அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

வேனில் பிரபாகரின் மனைவி காவியா அப்பாவிடம் கேட்டாள்: "எதுக்குப்பா மணி அடிச்சுது?"

"யாரோ ஒரு கிறுக்கன் கற்பூரம் கொளுத்திட்டானாம்மா" என்றார் கருப்பண்ணன், கடலையை உடைத்தபடி. "மாப்ள, சாப்பிடுங்க. வறுத்த கடலை."

பிரபாகர் வாங்கிக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் காவியா ஆபீசுக்கு போன் செய்தாள்.

"ஏங்க, பாண்டிச்சேரி மியூசியத்துல இருந்து எங்கப்பா வூட்டுக்குக் கார்ல வந்திருக்காங்க."

"எத்தனை போலீஸ்?"

"போலீசா? ஒரு மேடமும் அந்த வாட்ச்மேனும்தான்."

"நான் மியூசியத்துக்கு வந்ததே இல்லன்னு சொல்லிடு!"

"உங்களை யாருங்க கேட்டாங்க? நம்ம கொல்லையில இருக்கிற வேடியப்பனை அளந்து பாத்துட்டு, அந்த மேடம் அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறாங்க. ரெண்டு கல்லும் ஒரே ஆளு செதுக்குனதாம். அங்க இருக்கிறது எந்த ஊருக் கல்லுன்னு முப்பது வருஷமாத் தெரியாம இருந்தாங்களாம். வாட்ச்மேன் எழுதுனதைப் படிச்சுட்டுத்தான் தேடிக்கிட்டு வந்திருக்காங்க. போர்டுல அப்பா பேரைப் போட்டு, விழா வச்சுப் பொன்னாடை போத்துறாங்களாம்!"

பிரபாகர் மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்குக் கூட யாரு வந்தாங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒண்டியாத்தான் போனேங்கிறாரு. வயசாயிடுச்சுல்ல, மறந்துட்டாரு பாவம்."

2025 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. பிரபாகர் தாசில்தாரிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தான். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: 'என் மாமனார் திரு. கருப்பண்ணன் அவர்களுக்குப் புதுச்சேரியில் பாராட்டு விழா. நான் கூடப் போக வேண்டும்.'