தீவு காட்டுகிறவன்

அக்கரை டல்லாவுக்குப் போகும் படகு பான்சோடான் துறையை விட்டு நகர்ந்ததும் போன் அடித்தது. சுரேந்திரன். அதுவும் வீடியோவில்.

ராதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மடியில் கூடை இருந்தது. கூடைக்குள் சிவப்புத் துணி கட்டிய த்வாண்டே ஊர் மண்பானை. பானைக்குள் சுரேந்திரனுடைய அம்மா, சாம்பலாக.

எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பான். அதையும் எடுக்காவிட்டால் அலோன் பேட்டையில் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அடிப்பான். அவர்களில் ஒருத்தர் உளறிவிட்டால் போச்சு.

மாமியார் தங்கமணி கண்ணை மூடிய அன்றே, தெருவிலிருந்த தமிழாட்கள் அத்தனை பேரிடமும் ராதா சூடம் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சுரேந்திரன் காதுக்கு இது போகக் கூடாது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது துறைமுகத்தில் வேலை பார்த்த வீடுகளில் பழைய வழக்கம்தான்.

ஆனால் ராதாவின் பயம் வேறு. அவன் ஒரே பிள்ளை. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஓடி வந்து நிற்பான். மிங்கலாடோன் விமான நிலையத்தில் கால் வைத்தால் அவ்வளவுதான். முப்பத்தொரு வயது ஆம்பிளையை மறுபடி பர்மாவை விட்டு வெளியே விட மாட்டார்கள். கட்டாயப் பட்டாளத்துக்குத்தான் போக வேண்டும். எதிர்வீட்டு ராணியின் தம்பி அப்படித்தான் போனான். இன்று வரை ஒரு தகவலும் இல்லை.

எடுத்தாள். அழுத முகம் தெரியக் கூடாதென்று கேமராவை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவனும் முகத்தைக் காட்டவில்லை. மத்தியதரைக் கடலில், சின்னச் சின்ன எரிமலைத் தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகில் அவனுக்குக் கயிறு கட்டுகிற வேலை. கொஞ்ச நாளாகவே அவனுக்குத் தீவு காட்டும் பைத்தியம் பிடித்திருந்தது. போனை எடுத்தால் தீவு. அது முடிந்தால் இன்னொரு தீவு. இன்றும் கறுப்புப் பாறை ஒன்று திரையில் ஆடிக்கொண்டே வந்தது. அங்கே இப்போதுதான் விடிந்திருந்தது.

"அம்மா தூங்குறாங்களா?"

"ஆமாங்க. இப்பத்தான் கண் அசந்தாங்க. ராணியப் பக்கத்துல வச்சுட்டு டல்லாச் சந்தைக்குப் போறேன்."

தினமும் அவன் இதைத்தான் கேட்பான். எப்படி இருக்கிறார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று துருவ மாட்டான். ஏதோ சாமி புண்ணியம் என்று ராதா நினைத்துக்கொள்வாள்.

உட்கார்ந்திருக்க இருப்புக் கொள்ளவில்லை. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் ஸ்டூலை விட்டு எழுந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியோரம் போனாள். அங்கே கூட்டமாக இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்தாள்.

ஆறு அகலம்தான். ஆனால் படகு நொடியில் கடந்துவிடும். நடு ஆற்றில்தான் விட வேண்டும், கரையோரம் விட்டால் சேறு திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று பூசாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவனோ பேச்சை விடுகிற மாதிரி இல்லை.

கடற்புறாக்கள் படகைத் துரத்திக்கொண்டு வந்தன. அவற்றுக்குப் போடத் தீனி விற்கிற பர்மாக்காரி இவள் கூடையை எட்டிப் பார்த்தாள். வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிட்டாயா என்று பர்மியில் கேட்டுச் சிரித்தாள். ராதா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பின் மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அந்தா பாரு, புகையுது பாரு" என்றான் சுரேந்திரன். அடுத்த தீவின் தலையில் வெள்ளையாகப் புகை நின்றது. அதன் அடிவாரத்தில் வீடு கட்டி, துணி காயப்போட்டு, ஜனங்கள் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்களாம். காற்று திரும்பினால் அழுகின முட்டை நாற்றம் அடிக்குமாம்.

அடிக்கட்டும். இங்கே வருவதற்கு எரிமலையே தேவலை என்று ராதா நினைத்தாள். அங்கேயே கிட. தீவு பார்த்துக்கொண்டே கிட.

பான்சோடான் கரை பின்னால் சிறுத்துவிட்டது. டல்லாப் பக்கத்து மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இனித் தாமதித்தால் முடியாது.

"சிக்னல் விட்டு விட்டு வருதுங்க. வச்சிடறேன்."

"வைக்காதே" என்றான். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. எந்தப் படகின் எஞ்சின் என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நடு ஆறு வந்திருச்சா, ராதா?"

கூடையை இறுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

திரையில் தீவு சாய்ந்தது. கடல் போயிற்று. படகின் கம்பி போயிற்று. அவன் முகம் வந்தது.

மீசை இல்லை. தலை மொட்டை. அதுவும் இன்றைக்கோ நேற்றைக்கோ போட்ட மொட்டை இல்லை. முடி மறுபடி முளைத்து, தலை முழுக்கக் கறுப்பாக அரும்பியிருந்தது.

யார் சொன்னார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தினமும் தூங்குறாங்களா என்று கேட்டிருக்கிறான். அவள் சொல்ல வேண்டிய பொய்யை அவனே எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"நான் வரல, ராதா. பயப்படாதே" என்றான். "நீ அம்மாவ விடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வரல என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை நாளும் அவள் இத்தனை பாடுபட்டாள். பானையைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். கை விட மாட்டேன் என்றது.