விரால் இல்லாத இலை

முழங்காலளவு தண்ணீரில் குனிந்து வேலம்மா சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டது போக மிச்சம் விட்ட பள்ளம் அது. சித்திரை வெயிலில் அதுவும் வற்றி, கூழாகக் கலங்கி, கால் வைத்தால் சுட்டது. கெண்டைக் குஞ்சுகள் மூச்சுமுட்டி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

காலையில் சைதாப்பேட்டை சனம் திமுதிமுவென்று இறங்கி, அகப்பட்டதை அள்ளிக்கொண்டு உச்சிவேளைக்குள் கலைந்துவிட்டது. இப்போது பள்ளத்துக்குள் இரண்டே பேர். வேலம்மாவும் அவள் கொழுந்தன் நாகராஜும்.

அவர்களுக்கு வேண்டியது விரால்.

பொழுது சாய்ந்ததும் பஞ்சாட்சரத்துக்கு இலை போட வேண்டும். பஞ்சாட்சரம் வேலம்மாவின் புருஷன். ரங்கூனுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. விரால் குழம்பு என்றால் உயிரை விடுவான். கல்யாணமான புதிதில் ஒரே குழம்பை மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்துத் தின்றான். சட்டியைக்கூட வழித்துத் தின்றான்.

"வெரால் இல்லாத எலைய எம்புள்ளைக்கு நான் போடமாட்டேன்" என்று மாமியார் முனியம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

விராலுக்கு எங்கே போவது? ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக் கிடந்தது. மீன்காரிகள் கூடையோடு ஊர்ப்பக்கம் ஓடிவிட்டார்கள். சுற்றுப்பட்ட ஏரிகள் எப்போதோ காய்ந்து வெடித்துவிட்டன.

இந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு விரால் இருந்தது. மூச்சு வாங்க அது மேலே வந்து போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் முனியம்மாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள்.

நாகராஜிடம் அடியில்லாத மூங்கில் கூடை இருந்தது. அதைத் தண்ணீரில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவான். கெட்டிக்காரன். பொல்லாதவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற பொறுப்பு அவனுக்கு. அந்தப் பொறுப்புதான் வேலம்மாவுக்கு வினை.

விரால் தன் கையில்தான் சிக்க வேண்டும். அவன் கூடைக்குள் போய்விட்டால் அவள் கதை முடிந்தது.

அவளுக்கு வெறுங்கைதான். கெளுத்தி முள் இரண்டு இடத்தில் குத்தி, வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிக் கடுத்தது. பரவாயில்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாயிற்று. சாந்தோம் மாதாவைக்கூட விடவில்லை. குழம்பின குட்டையில் மீன் பிடிப்பதைச் சுளுவான வேலை என்று பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து பிடித்துப் பார்க்கட்டும்.

கூடை நெருங்கிக்கொண்டே வந்தது. சளப். சளப். பத்தடி. எட்டடி.

அப்போதுதான் இடது பாதத்துக்கு அடியில் அது நெளிந்தது.

முழங்கை நீளம் இருக்கும். வேலம்மா மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லக் குந்தினாள். வீங்கின கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் தலையோடு அமுக்கிப் பிடித்தாள். இனி தூக்கிக் கரையில் போட வேண்டியதுதான்.

அவள் தூக்கவில்லை.

சேற்றுக்குள் முழங்கை மறையும் வரை அதை அழுத்தினாள். மேலே சேற்றை இழுத்து மூடினாள். அதன்மேல் ஒரு காலை வைத்து எழுந்து நின்றுகொண்டாள்.

விரால் இதற்கெல்லாம் சாகாது. ஏரி வற்றினாலும் சேற்றில் புதைந்து, மழை வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

இன்றைக்குப் போடுவது படையல் இலை. பர்மாவிலிருந்து நடந்தே வந்துசேர்ந்த கரீமுல்லா, பஞ்சாட்சரம் காய்ச்சலோடு வழியில் விழுந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். விழுந்ததைத்தான் பார்த்தான். செத்ததை அவன் பார்க்கவில்லை. ஊராருக்கு அதுவே போதும். இன்று படையல், நாளைக்குக் கருமாதி, அதோடு வேலம்மாவின் தாலி இறங்கிவிடும்.

விரால் இல்லையென்றால் இலை இல்லை. இலை இல்லையென்றால் ஐப்பசி மழை வரைக்கும் பஞ்சாட்சரத்தை யாரும் சாகடிக்க முடியாது.

"அண்ணி, அங்க இன்னா கீது? அசையாம நிக்கிறியே?" நாகராஜ் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் இல்லியே" என்றாள். காலை மட்டும் நகர்த்தவில்லை.

கரையிலிருந்து முனியம்மாள் எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி நேரே மருமகளிடம் வந்தாள். வேலம்மா நின்ற இடத்திலேயே, அவள் காலை ஒட்டித் தன் காலை ஊன்றினாள்.

அடியில் மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. இரண்டு பாதமும் சேர்ந்து ஆடின.

முனியம்மாள் குனிந்து சேற்றைப் பார்த்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒரு மண்ணும் இல்ல நைனா" என்றாள் முனியம்மாள் மகனிடம். "நீ ஏறு கரைக்கு."

நாகராஜ் கரையேறி, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்பாதைக்குப் போய்ச் சேரும் வரை அவள் அந்த இடத்தைவிட்டுக் காலை எடுக்கவில்லை.