கண்ணாடிக்கு அப்பால்

அது சான் ஹோசேதானா என்று இன்று நிச்சயமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் மட்டும் நிச்சயம். அதற்கு அப்பால் ராக் குழுவினரின் வாய்கள் அசைகின்றன. இப்பால், அவர்கள் பாட்டுக்குக் கூலிக்கு டிரம்ஸ் வாசித்து முடித்த மகிழனுக்கு எதுவும் கேட்கவில்லை. யாரோ நிறுத்த மறந்த தாள டிக் டிக் மட்டும் ஹெட்ஃபோனில் அடிக்கிறது. அதோடு அவன் முழங்கால் துள்ளுகிறது. அதிர்வைக் குறைக்க டிரம் மேல் வைத்த மணிபர்ஸை எடுக்காமல் காத்திருக்கிறான். இதுவும் கைவிட்டுப் போனால் ஐ.டி. வேலைக்குத் திரும்புவதாக மனைவி வான்மதியிடம் சொல்லியிருக்கிறான். கண்ணாடிக்கு அப்பால் குழுவினர் நடுவே உட்கார்ந்திருந்த அவள் எழுந்து, மைக் பொத்தானை அழுத்துகிறாள்.

"மகி, நீ மெஷின் மாதிரியே வாசிக்கறியாம். அப்ப மெஷினே போதுங்கறாங்க."

"இன்னொரு டேக் வாசிக்கறேன்னு அவங்ககிட்ட கேளு. தப்பாக்கூட வாசிக்கறேன்னு சொல்லு."

அவள் குழுவினர் பக்கம் திரும்பவில்லை; விரல் பொத்தானிலேயே இருக்கிறது.

பாட்டு டிரம் மெஷினின் தாளத்தோடு வெளிவந்தது. குழு டெக்சாஸுக்குப் போய்விட்டது. மகிழன் சான்டா கிளாராவில் ஐ.டி. வேலைக்குப் போகிறான். சாப்பாட்டு மேஜைக்கடியில் அவன் முழங்கால் துள்ளும்போது வான்மதி தடுப்பதில்லை.