பதினெட்டாவது கட்டம்

“இதுதான்” என்று மனைவி கை வைத்த ஸ்கூட்டர், கணவரின் அட்டவணையில் பதினோராவது இடத்தில் இருந்தது. அட்டவணையில் இருந்ததே பதினோரு ஸ்கூட்டர்கள்தான்.

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை மறுபடி பார்த்தார். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

நகரப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுவது அவர் உத்தியோகம். குடியிருப்பில் அவருக்குப் பெயரே அட்டவணை. மின்சார ஸ்கூட்டர்களைப் பற்றி மூன்று மாதம் மெனக்கெட்டுப் பதினேழு கட்டம் போட்டு வைத்திருந்தார். பேட்டரி, பிரேக், டயர் அகலம், பாலம் ஏறும் வேகம் என்று எதையும் விடவில்லை. கம்பெனி சொல்லும் தூரத்துக்கு ஒரு கட்டம், உண்மையில் ஓடும் தூரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம். அதைப் பார்த்து ஆறு வீட்டார் வண்டி வாங்கினார்கள். ஒருவரும் இதுவரை வருத்தப்படவில்லை.

இப்போது அவர் வீட்டுக்கே வண்டி தேவைப்பட்டது. மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடம் நகரத்தின் மறு கோடிக்கு மாறிவிட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். கணவர் போட்ட நேரத்தை நம்பி நின்றதில் போன மாதம் மட்டும் ஒன்பது நாள் தாமதம்.

நிபுணர் தனக்கு எதை வாங்குகிறார் என்று பார்க்க, மேல்வீட்டு வங்கி மேலாளரும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் கடைக்குக் கூடவே வந்திருந்தார்கள்.

“அக்கா கலரைப் பார்த்து மயங்கிட்டாங்கண்ணே” என்றார் பல் டாக்டர்.

குள்ள வண்டி, அம்மாவுக்கு முழங்கால் ஹேண்டிலில் இடிக்குமே என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சொன்னது நியாயம்தான். மனைவி கணவரைவிட நான்கு விரற்கடை உயரம். கல்யாணப் போட்டோவில் அவர் ஒரு படி மேலே நின்றிருப்பார்.

மனைவி ஸ்கூட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை. இதுதான் என்றால் இதுதான்.

கடைப் பெண் சாவியைக் கணவரிடம் நீட்டினாள். “சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வாங்க.”

“ஆமா சார். நீங்க ஓட்டி நாங்க பார்த்ததே இல்லையே” என்றார் மேலாளர், ஆவலாக.

பார்த்திருக்க முடியாது. கணவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. ‘பஸ்ஸுக்கு நேரம் போடுறவனே பஸ்ஸில் போகாட்டி எப்படி?’ என்ற கொள்கைக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் ஒளிந்திருந்தார். மனைவிக்குக்கூடத் தெரியாது. இன்னும் ஒரு நிமிடத்தில் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். ஆறு வீட்டார் ஆயுள் முழுக்கச் சிரிப்பார்கள்.

அவர் கை மெல்ல நீண்டது.

மனைவி இடையில் புகுந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். “அவர் கையில கொடுக்காதம்மா. என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். அவர் பின்னாடி உட்காரட்டும்.”

கடைப் பெண் தலை குனிந்துகொண்டாள். மூன்று மாதம் பாடுபட்ட மனுஷன், தொடக்கூட விடவில்லையே என்று மேலாளர் பல் டாக்டரிடம் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. பல் டாக்டர் கணவரைப் பார்த்த பார்வையில், பிடுங்கப்போகும் பல்லைப் பார்க்கும் பரிவு இருந்தது.

தப்பித்த நிம்மதி வெளியே தெரியாமலிருக்கக் கணவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. கல்யாணத்துக்கு முன்பு அண்ணன் ஸ்கூட்டரில் பழகிய கை. மனைவி நெரிசலில் வளைந்து நெளிந்து பாலத்தில் ஏறினாள். அங்கே பத்து நாற்பது மணி பஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கணவர் போட்ட நேரப்படி ஏழு நிமிடத்துக்கு முன்பே அது பாலத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மனைவி அதை அநாயாசமாக முந்தினாள். ஜன்னலோரம் இருந்த நடத்துநர் கணவரை அடையாளம் கண்டு வாயைப் பிளந்தார். கணவர், தேரில் போகிற அரசர் மாதிரி, கையை உயர்த்தி அசைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு பஸ்ஸை ஜெயித்தது அதுவே முதல் தடவை.

பாலம் இறங்கியதும் மனைவி கடைப் பக்கம் திரும்பவில்லை. பொருட்காட்சி நடக்கும் காலி மைதானத்துக்குள் வண்டியை விட்டு, நடுவில் நிறுத்தினாள். இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

“பார்த்தியா, இடிக்குது. உன் உயரத்துக்கு இது தப்பான வண்டி. நம்ம பட்டியல்ல முதல்ல இருக்கிறதையே எடுப்போம்” என்றார் கணவர். ஜெயித்த குரல் இன்னும் இறங்கவில்லை.

“முன்னாடி வந்து உட்காருங்க.”

“நான் எதுக்கு? எனக்கு நம்பரைப் பார்த்தாலே போதும்.”

“பதினேழு கட்டம் போட்டீங்க. சீட் உயரத்துக்கு ஒரு கட்டம் இருக்கா? வண்டி ஓட்டுறவங்க முதல்ல அதைத்தாங்க பார்ப்பாங்க.”

கணவருக்குக் காது சூடானது. மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓர் ஆள் இல்லை. மெல்ல முன்னால் நகர்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“என்னிக்குத் தெரிஞ்சுது உனக்கு?” என்றவர், பதில் வருமுன் அவசரமாகப் பழைய பேச்சுக்கே போனார். “அது இருக்கட்டும். முழங்கால் இப்படி வீங்குதே, அதுக்கு என்ன சொல்றே?”

“என் முழங்கால் கிடக்கட்டும். உங்க ரெண்டு காலும் தரையில முழுசாப் படுதா, அதைச் சொல்லுங்க.”