முட்டுக்கட்டை

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று வாக்கெடுப்பில் முடிவான அடுத்த மாதம், லண்டன் அம்மன் கோயில் தேர் நடுத்தெருவில் நின்றது. நிறுத்தியவன் குகதாசன். அந்த ஒன்றியத்திலுள்ள டென்மார்க்கின் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்த நாளிலிருந்து தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் அவன்தான். விலகினால் தொடர்ந்து இங்கே இருக்க விடுவார்களோ தெரியாத அவனுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. வடம் பிடித்து நின்ற பாதிப் பேருக்கு இருந்தது.

சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகி, அதன் மேல் கையை ஊன்றிக் குந்தினான்.

"ஆர் ஆர் விலகோணுமெண்டு போட்டனீங்கள்? கையைத் தூக்குங்கோ. பிறகு தேர் நகரும்."

"கோயிலிலை அரசியல் கதையாதை," என்றார் நிர்வாகசபைத் தலைவர்.

"நான் றோட்டிலைதான் இருக்கிறன்."

நேற்றுவரை அன்னதான மண்டபத்தில் அதைப் பற்றியே தொண்டை கிழியக் கத்தியவர்கள், இப்போது தெருவில் சிதறிக் கிடந்த தேங்காய்த் துண்டுகளைப் பார்த்தார்கள். பெண்கள் பிடித்திருந்த வடத்தில் ஒரு கை உயர்ந்தது. பவளராணி. 'தனிய அங்கை கிடந்து என்ன செய்யிறாய், வா' என்று அவனை டென்மார்க்கிலிருந்து கூப்பிட்டெடுத்த சொந்த அக்கா.

"இனி வாறவையை நிப்பாட்டத்தான்ரா போட்டனான். உன்னையில்லை."

"வாறவைக்கும் இஞ்சை அக்கா இருப்பாதானே."

"கட்டையை எடு. அம்மாள் வெயிலுக்கை நிக்கிறா."

அவன் எடுக்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்து வடத்தைத் தூக்கினாள்.

"இழுங்கோ," என்றாள் மற்றவர்களிடம்.

வடம் விறைத்தது. அவனுடைய கை கட்டையின் மேலேயே இருந்தது.