எந்த ஓட்டலும் சரியில்லை

மூன்றாவது ஓட்டலிலிருந்தும் சீனிச்சாமி வெளியே வந்துவிட்டான்.

"இங்கனயும் சரிப்படாது. வா" என்றான்.

மலையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து சாம்பார் மணக்கிறது. சனங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதில் எது சரிப்படாது?

விடியற்காலை வெறும் வயிற்றோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனவர்கள். இப்போது உச்சிப்பொழுதும் தாண்டிவிட்டது. பசியில் அவளுக்குக் காதை அடைத்தது.

கல்யாணமாகி இருவரும் தனியாக ஊரைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. காமயகவுண்டன்பட்டியில் அவர்களுடையது பெரிய குடும்பம். கொழுந்தன்மார், நாத்தனார்மார், தோட்டத்து ஆட்கள் என்று நாள் முழுக்க அடுப்பு எரிகிற வீடு. கோயிலுக்கு வேண்டுதல் இருக்கிறது என்று ஆத்தாளிடம் ஒரு பொய்யைச் சொல்லித்தான் சீனிச்சாமி மனைவியைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

தேனியில் ரயில் புறப்பட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். மதுரையில் ரெண்டு நாள் தங்கல், பேசும் படம், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல ஓட்டலாகப் பார்த்து ஒரு சாப்பாடு. மலையம்மாளுக்கு மதுரை வரைக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த நல்ல ஓட்டல் எங்கே இருக்கிறது என்பதுதான் இப்போது தெரியவில்லை.

முதல் ஓட்டலில் மின்சார விசிறி சுற்றியது, மேஜையெல்லாம் பளிங்குக்கல். அவளை வாசலில் நிறுத்திவிட்டு இவன் மட்டும் உள்ளே போனான். கல்லாவில் இருந்தவரிடம் குனிந்து எதையோ கேட்டான். அவர் எட்டி வாசலில் நின்ற மலையம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார். முடியாது என்று தலையை ஆட்டினார்.

ஒரே கூட்டம் என்று வந்து சொன்னான். பாதி பெஞ்சு காலியாகக் கிடந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அடுத்த ஓட்டலில் சோறு தீர்ந்துவிட்டது என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஆவி பறக்கச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன். அங்கேயும் கல்லாவில் இருந்தவர் அவளைத்தான் பார்த்தார். இப்போது மூன்றாவதிலும் அதே கதை.

தெருவில் போகிறவர்கள் பார்த்தால் கடைந்தெடுத்த கஞ்சன் என்றிருப்பார்கள். மலையம்மாள் அப்படி நினைக்கவில்லை. காலையில் அவன் வாங்கித் தந்த சுங்குடிச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். அவள் நினைத்தது அதைவிட மோசம்.

கேட்ட இடத்திலெல்லாம் ஏன் என்னையே பார்க்கிறார்கள்? காதில் தொங்குகிற தண்டட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டவுன் பெண்கள் சின்னக் கல் தோடு போட்டுக்கொண்டு போகிறார்கள். இந்தப் பட்டிக்காட்டுக்காரியோடு உட்கார இவருக்கு வெட்கம். என்னை எங்கேயாவது பின்கட்டில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டுத் திரிகிறார். அதை நினைத்ததும் பசி போய்விட்டது, அழுகை வந்துவிட்டது.

"மாமா, எங்கூட உக்காந்து சாப்புட ஒங்களுக்குக் கூச்சமா இருக்கா?"

"என்ன புள்ள பேசுற?"

"இருந்தாச் சொல்லீருங்க. நான் ஆண்டிபட்டியில எறங்கி மயிலாடும்பாறைக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிக்கிறேன்."

சீனிச்சாமி திருதிருவென்று விழித்தான். இன்னும் ஒரே ஓர் இடம் பார்த்துவிடலாம் என்று முன்னால் நடந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் ஓலை வேய்ந்த சாப்பாட்டுக் கடை. சுகிர்தம் என்ற அம்மாள் தனியாக நடத்துவது. விசிறியும் இல்லை, பளிங்கும் இல்லை. தரையில் பாய்தான்.

சீனிச்சாமி அவளிடமும் போய்க் குசுகுசுத்தான். சுகிர்தமும் மலையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். மலையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் சுகிர்தம் சிரிக்கவில்லை. ஒரு பாயை உதறிப் போட்டு, தலைவாழை இலை ஒன்றை விரித்து, "உக்காரு ஆத்தா" என்றாள்.

மலையம்மாள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இரண்டாவது இலை விழவில்லை. சீனிச்சாமி நின்றுகொண்டே இருந்தான். ஆக, நினைத்தது சரிதான். பக்கத்தில் உட்காரக்கூட மனசில்லை.

அப்போது சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினான். சுகிர்தத்தின் கையிலிருந்து சோற்றுச் சட்டியை வாங்கினான். குனிந்து மனைவியின் இலையில் சோறு வைத்தான். பழக்கமில்லாத கை, பாதி இலைக்கு வெளியே விழுந்தது. குழம்பு பாய் வரைக்கும் ஓடியது.

மலையம்மாள் பதறி எழுந்தாள். "என்ன மாமா செய்றீக? நீங்க சாப்புடாம நான் எப்படி..."

சுகிர்தம் அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். "உக்காரும்மா. 'எம் பொண்டாட்டிக்கு நானே பரிமாற விடுவீகளா'ன்னுதேன் கடை கடையாக் கேட்டாராம். வெளியாளு சட்டியத் தொடக்கூடாதுன்னு எல்லாரும் வெரட்டிட்டாகளாம்."

மலையம்மாளுக்கு அப்போதும் விளங்கவில்லை. "எதுக்கு மாமா இதெல்லாம்?"

சீனிச்சாமி நிமிராமல் இன்னொரு அகப்பை சோற்றை வைத்தான்.

"அன்னைக்கு மம்பட்டி எடுக்க வீட்டுக்குள்ள வந்தேன். நீ எல்லாருக்கும் சோறு போட்டுட்டு, வெறுஞ்சட்டிய வழிச்சு, தண்ணிய ஊத்திக் குடிச்சுக்கிட்டு இருந்த. அங்கன நான் அகப்பையத் தொட்டா ஆத்தா ஊரக் கூட்டிரும். எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் ஒங்கிட்ட 'போதும், போதும்'னு சொல்றோம். நீ 'போதும்'னு சொல்லி ஒரு நாளும் நான் கேட்டதில்ல புள்ள."